மூன்றாம் நாள் வாய் திறக்கும் மீன்குஞ்சுக்கு எந்தத் தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 12 என்றால் மேட்டூர் அணை திறப்புதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அணை அன்று திறக்கிறதோ இல்லையோ, அதையொட்டிய வாரங்களில் சேலம் மாவட்டத்தில் இன்னொரு வேலையும் சூடுபிடிக்கும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களின் நுண்குஞ்சுகளை, அதாவது பொரிந்து மூன்று நாளே ஆன குஞ்சுகளை, ஆக்சிஜன் பையில் வாங்கிவந்து பண்ணைக் குட்டையில் விடும் வேலை அது. மேச்சேரி, கொளத்தூர், ஓமலூர், எடப்பாடி என எந்தப் பக்கம் போனாலும், குட்டையைத் தயார் செய்வது பற்றிக் கேட்டால் முதலில் காதில் விழும் சொல் 'சுத்தம்'. பிளீச்சிங் பவுடர் போடு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலக்கு, கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பார்கள். களைமீனும் நோய்மீனும் போக வேண்டும் என்ற மட்டில் இது சரி. ஆனால் கிருமியே இல்லாத தண்ணீரில் நுண்குஞ்சை விடுவது, குஞ்சின் குடலைக் கெட்ட பாக்டீரியாவுக்கு முதல் ஆளாகக் குத்தகைக்கு விடுவது போல. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முட்டைக்குள் இருக்கும்வரை கருவின் குடலில் பாக்டீரியா கிடையாது. முட்டைச் சவ்வின் வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். தண்ணீர் 27 முதல் 29 டிகிரி வெப்பத்தில் இருந்தால் கெண்டை முட்டைகள் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். வெளியே வரும் குஞ்சு சுமார் 5 மில்லிமீட்டர். வயிற்றடியில் மஞ்சள் கருப் பை தொங்கும். குடல் அப்போது நேரான சிறு குழாய்தான். கருப் பை கரைந்து தீர ஏறத்தாழ 72 மணி நேரம். அதற்குள் வாய் திறந்து, வெளியிலிருந்து இரை எடுக்கத் தொடங்கும். குடலுக்குள் குடியேற்றம் நடக்கும் நேரம் இதுதான். தண்ணீரோடு கொஞ்சம் போகும். முதல் இரையோடு பெருங்கூட்டமாகப் போகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குஞ்சு பொரிப்பகங்கள் நுண்குஞ்சுகளைப் பையில் அடைத்து விற்பதும் அதே மூன்றாம் நாளில்தான். ஆக, பொரிப்பகத்தின் வட்டத் தொட்டியில் என்னதான் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாலும், குஞ்சு வாயில் வாங்கும் முதல் கவளம் வாங்கியவரின் குட்டைத் தண்ணீரில் இருப்பதுதான். 'குஞ்சு சரியில்லை' என்று பொரிப்பகத்தின் மேல் பழி போடும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. பொரிப்பகத்தின் பக்கமும் தவறு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

கெண்டை இனத்துக்கு இன்னொரு பலவீனம்: இரைப்பையே இல்லை. விராலுக்கும் திலேப்பியாவுக்கும் இரைப்பை உண்டு, அமிலம் சுரக்கும், உள்ளே வரும் பாக்டீரியாவில் பெரும்பகுதி அங்கேயே மடியும். கட்லாவுக்கோ ரோகுவுக்கோ அந்த வாசற்காவல் கிடையாது. வாய்க்குள் போனது நேராகக் குடலுக்குப் போகும். அதனால்தான் தண்ணீரில் யார் இருக்கிறார்கள் என்பது இந்த மீன்களுக்கு இவ்வளவு முக்கியம்.

குடலில் பாக்டீரியா இருந்துதான் ஆக வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஜீப்ரா மீனில் தெளிவான பதில் கிடைத்திருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளைச் சேர்ந்த சிறு கெண்டை வகை அது. உடல் கண்ணாடி போல இருப்பதால் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். 2004-லிலேயே அமெரிக்காவில் இந்த மீனைப் பாக்டீரியா சிறிதும் இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். 2006-ல் வந்த ஆய்வில், அப்படி வளர்ந்த குஞ்சுகளின் குடல் முழுமையாக முதிரவில்லை. குடற்சுவரில் இருக்க வேண்டிய நொதி ஒன்று குறைந்தது. சளி சுரக்கும் செல்கள் குறைந்தன. புரதத்தை உறிஞ்சும் வேலையும் பின்தங்கியது. பிறகு பாக்டீரியாவைச் சேர்த்ததும் குறை சரியானது. 2012-ல், குடல் பாக்டீரியா இருக்கும் குஞ்சுகள் கொழுப்பைக் கூடுதலாக உறிஞ்சுவதும் தெரிந்தது. தின்ற தீவனம் உடம்பில் ஒட்ட இந்தக் குடித்தனக்காரர்கள் வேண்டும் என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். வளர்ந்த கெண்டையின் குடலில் செட்டோபாக்டீரியம் என்ற வகை மிகுந்து பி12 வைட்டமினைத் தயாரிக்கிறது. கெண்டைத் தீவனத்தில் பி12 தனியாகச் சேர்க்கத் தேவையில்லாமல் போனது அதனால்தான். இது ஆக்சிஜன் இல்லாத இடத்தை விரும்பும் ஆள். ஆகவே முதல் வாரத்தில், சிறு குழாய் போன்ற குடலில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வாரத்தில் யார் வருகிறார்கள் என்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு. ஜீப்ரா மீனில் வயது வாரியாகப் பார்த்தபோது, இளங்குஞ்சில் பக்கத்தில் எது அதிகமோ அது உள்ளே இருந்தது. மீன் வளர வளரத்தான் குடல் தன் விருப்பப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. மேலும், ஒரே தொட்டி மீன்கள் கழிவு வழியே ஒன்றுக்கொன்று பாக்டீரியாவைக் கொடுத்து வாங்குகின்றன. நெருக்கமாக விட்ட குட்டையில் ஒரு குஞ்சுக்கு வந்தது ஊருக்கே வந்த மாதிரி.

சுத்தம் எங்கே தவறாகிறது என்பதை நார்வே நாட்டவர் ஹாலிபட், டர்பட் போன்ற கடல்மீன் குஞ்சுகளில் கண்டுகொண்டார்கள். 1997-ல் எழுதியும் வைத்தார்கள். தண்ணீரில் உள்ள எல்லாவற்றையும் கொன்றால், செத்தவையே உரமாகின்றன. போட்டிக்கு ஆளும் இல்லை. அந்தக் காலி நிலத்தில் முதலில் முளைப்பது வேகமாகப் பெருகும் சந்தர்ப்பவாதப் பாக்டீரியா. உழுது போட்ட காட்டில் பயிருக்கு முன் பார்த்தீனியம் முளைப்பதைப் பார்க்காதவர் நம் ஊரில் உண்டா? மெதுவாக வளர்ந்து, கிடைத்த கொஞ்சத்தில் காலம் தள்ளும் வகைகள் நிரம்பிய தண்ணீரை 'முதிர்ந்த தண்ணீர்' என்றார்கள். அதில் விட்ட குஞ்சுகள் நன்றாகத் தேறின. நம் ஊரில் அந்தச் சந்தர்ப்பவாதிக்குப் பெயர் பெரும்பாலும் ஏரோமோனாஸ். இந்தக் குடும்பத்தில் சாதுவும் உண்டு. ஆனால் குஞ்சு இளைத்த நேரம் பார்த்துக் குடலைப் புண்ணாக்குபவையும், வயிறு வீங்க வைப்பவையும் இதில்தான் இருக்கின்றன.

இனி குட்டை வேலை. நுண்குஞ்சை விட்டு வளர்க்கும் நாற்றங்கால் குட்டை 10 சென்ட், ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்துக் கணக்குச் சொல்கிறோம். வற்றவைத்து, அடி வெடிக்கும்வரை காயவிட்டு, 10 கிலோ சுண்ணாம்பு தூவினால் போதும். காய முடியாத குட்டையில் களைமீனை ஒழிக்க இரண்டு வழி. ஒன்று, 14 கிலோ பிளீச்சிங் பவுடர். மற்றொன்று, 100 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு. இலுப்பையில் உள்ள சப்போனின் மீனின் ரத்தச் சிவப்பணுவை உடைத்துக் கொல்கிறது. பாக்டீரியாவைத் துடைத்துப் போடுவதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு நீங்கி உரமாகவும் ஆகிறது. பிளீச்சிங்கின் வீரியம் ஏழெட்டு நாளில் அடங்கிவிடும், விலையும் மலிவு, அதனால் அதற்குத்தான் கூட்டம். எங்கள் ஓட்டு இலுப்பைக்கு. பிளீச்சிங்தான் என்றால், வீரியம் அடங்கிய எட்டாம் நாளே குஞ்சு விடாதீர்கள். வேதிப்பொருள் போய்விட்டது என்பது உண்மை. ஆனால் தண்ணீர் அப்போது காலி நிலம். அதன்பின் உரமிட்டு, பச்சை பிடித்து, குஞ்சுக்கு இரையாகும் நுண்ணிய மிதவை உயிரிகள் பெருக இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுக்க வேண்டும்.

உரத்துக்கு 200 கிலோ பசுஞ்சாணம் முன்கூட்டியே. இலுப்பைப் பிண்ணாக்கு போட்ட குட்டைக்கு இந்த அளவே தாராளம். பிறகு கடலைப் பிண்ணாக்கு 15 கிலோ, சாணம் 4 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ மூன்றையும் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, கூழாகக் கரைத்து, குஞ்சு விட இரண்டு மூன்று நாள் இருக்கும்போது குட்டை முழுக்க ஊற்றலாம். இதே அளவு இன்னொரு பங்கைப் பின்னால், தண்ணீரின் நிறம் பார்த்துத் தவணையாகக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மொத்தமும் கொட்டினால் விடியற்காலையில் ஆக்சிஜன் விழும்.

தண்ணீர் முதிர்ந்ததா என்று பாக்டீரியாவை எண்ணிப் பார்க்க யாராலும் முடியாது. அதற்குப் பதில் மிதவை உயிரியை அளக்கலாம். குட்டையின் பல இடங்களில் மொண்டு 50 லிட்டர் தண்ணீரைப் பிளாங்டன் வலையில் (மிதவை உயிரியைப் பிடிக்கும் நுண்கண் வலை) வடிகட்டி, வலையின் அடியில் உள்ள சிறு குழாயில் சேர்ந்ததில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். உயிரிகள் செத்து அடியில் படியும். 1 முதல் 2 மில்லி படிந்தால் குட்டை தயார். படிந்தது பழுப்பாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் அது பாசி, இன்னும் பொறுக்க வேண்டும். இந்த அளவு ஏன் குடலுக்கும் பொருந்துகிறது என்றால், மிதவை உயிரிகளான ரோட்டிஃபரும் மொய்னாவும் பாக்டீரியாவைத் தின்று வாழ்பவை. அவை பெருகியிருக்கின்றன என்றால் வேகப் பாக்டீரியாவை மேய்ந்து அடக்கியிருக்கின்றன என்று அர்த்தம். அவற்றின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாவோடுதான் குஞ்சு அவற்றை விழுங்குகிறது. பிண்ணாக்குத் தூளால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

சிலர் பழைய குட்டைத் தண்ணீரை விதையாக ஊற்றுகிறார்கள். கருத்து நல்லதுதான். ஆனால் மீன் இருக்கும் குட்டையிலிருந்து எடுத்தால் மீன் பேனும் மற்ற ஒட்டுண்ணிகளும் சேர்ந்தே வரும். மீனே விடாத, மாடு குடிக்கிற குட்டையிலிருந்து நான்கைந்து குடம் எடுத்து, மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள். நீர்ப்பூச்சிகளை ஒழிக்க, குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள் 2.25 கிலோ எண்ணெயும் 750 கிராம் சோப்பும் கரைத்துத் தெளிக்கும் பழைய முறையே போதும். அது நீர்மட்டத்தை மூடி, மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சியைத் திணறடிக்கிறது, அவ்வளவே. காட்டுக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் குட்டையில் அடிப்பவர்கள் மொய்னாவையும் சேர்த்துக் கொல்கிறார்கள்.

10 சென்ட்டுக்கு 1.2 லட்சம் நுண்குஞ்சு விடலாம். 2 லட்சம் மேல் வரம்பு. பையைக் கட்டவிழ்க்காமல் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து இன்னொரு கால் மணி நேரம் பொறுங்கள். வெப்பநிலை சமமாவதற்காக இதைச் செய்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். புதிய பாக்டீரியாவோடு முதல் அறிமுகமும் அப்போதுதான். பைத் தண்ணீரைக் குட்டையில் கவிழ்க்கக் கூடாது. பல மணி நேரம் கழிவும் செத்த குஞ்சும் சேர்ந்து ஊறிய தண்ணீர் அது. வேகப் பாக்டீரியாவுக்கு நாற்றங்காலே அதுதான். குஞ்சை வடித்து விட்டுவிட்டு, தண்ணீரை மரத்தடியில் ஊற்றுங்கள்.

தீவனம் மறுநாள் தொடங்கினால் போதும். கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சம அளவு, மாவுச் சல்லடையில் சலித்த நைசு. லட்சம் குஞ்சுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம் என முதல் 5 நாள், அதன்பின் 1.2 கிலோ. நம் 1.2 லட்சத்துக்கு முதலில் 720 கிராம், பின் 1.44 கிலோ, காலை, மாலை எனப் பிரித்துத் தூவ வேண்டும். மிஞ்சிய தூள் குஞ்சுக்குப் போகாது, வேகப் பாக்டீரியாவுக்குப் போகும். பூசணம் பூத்த பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம், அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். சேலம் பக்கம் நடக்கும் ஒரு தவறும் உண்டு: சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பி மலிவாகக் கிடைக்கிறது என்று நாற்றங்காலில் கரைப்பது. மரவள்ளித் திப்பியில் பெரும்பாலும் மாவும் நாரும்தான், புரதம் சொற்பம். மாவு நீரில் ஊறிப் புளித்து அமிலமாகும், பாக்டீரியா கொப்பளிக்கும், ஆக்சிஜன் போகும். தோல் கலந்த திப்பி என்றால் சயனைடுச் சேர்மமும் சேரும். வளர்ந்த மீனுக்கு மற்ற தீவனத்தோடு கொஞ்சம் கலப்பது வேறு கதை.

நான்காம் ஐந்தாம் நாளில் கண்ணாடி டம்ளரில் பத்துக் குஞ்சை மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே கைலென்ஸால் பாருங்கள். குடல் கருத்த கோடாக நிறைந்திருந்தால் நிம்மதி. காலியாகத் தெரிந்தாலோ, பின்னால் வெள்ளை நூல் போலக் கழிவு தொங்கினாலோ முதலில் பார்க்க வேண்டியது மிதவை உயிரியின் அளவையும் விடியற்கால ஆக்சிஜனையும்தான். கை உடனே மருந்துப் பக்கம் போகக் கூடாது. இந்தக் கட்டத்தில் ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தீவனத்தில் கலப்பதுதான் பெரிய கேடு. இப்போதுதான் ஊன்றத் தொடங்கியவை அழிந்து, குடல் மறுபடி காலி நிலமாகும். அடுத்து நுழைவது மருந்துக்கு அடங்காதது. குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் வகைகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. 'குஞ்சுக்குத்தானே' என்ற சமாதானம் செல்லாது. பெர்மாங்கனேட்டும் முதல் பத்து நாள் வேண்டாம்.

நல்ல பாக்டீரியாவை அடைத்து விற்கும் புரோபயாடிக் பாக்கெட் பற்றிக் கேட்காதவர் இல்லை. அதை மாயமருந்தாகவும் எண்ண வேண்டாம், ஏமாற்று என்றும் தள்ள வேண்டாம். கொடுக்கும் பாக்டீரியா பெரும்பாலும் குடலில் நிலைத்துக் குடியேறாது. நிறுத்தினால் சில நாளில், சில வாரத்தில் கழிந்துவிடும். ஆனால் நெதர்லாந்தின் வாகனிங்கனில் திலேப்பியாக் குஞ்சுகளில் செய்து 2016-ல் வெளிவந்த ஆய்வு, தொடக்க நாட்களில் கொடுத்த பேசில்லஸ் என்ற பாக்டீரியா பின்னால் அமையும் குடல் கூட்டத்தில் தடம் விட்டுச் செல்வதைக் காட்டியது. ஆகவே கொடுப்பதானால் முதல் வாரத்தில். ஒரு கிராமில் எத்தனை என்று எண்ணிக்கை அச்சிடாத பாக்கெட்டை வாங்காதீர்கள். பாக்கெட்டில் பேசில்லஸ் உறங்கும் வித்தாக இருக்கும். வெல்லம் கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறினால் விழிக்கும். அந்தத் தண்ணீர் காவிரிக் குடிநீர்க் குழாயில் பிடித்ததானால், குளோரின் விழித்ததைக் கொன்றுவிடும். கிணற்று நீர் எடுங்கள், அல்லது ஒரு நாள் வெயிலில் திறந்து வையுங்கள். ஆக்சிஜனைக் குடிக்கும் என்பதால் காலையில்தான் ஊற்ற வேண்டும். பாக்கெட்டில் இருப்பது லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா என்றால், அதைச் சூடான கஞ்சியில் கலக்கக் கூடாது.

சிமென்ட் தொட்டியில் ஒரு வாரம் வைத்து வளர்த்து விற்பவர்களுக்கும் இதே கணக்குதான். குழாய்த் தண்ணீரை நிரப்பி குளோரின் போனதும் குஞ்சை விடுவதற்குப் பதில், ஓடிக்கொண்டிருக்கும் நோயில்லாத தொட்டியின் வடிகட்டிக் கல்லையோ ஸ்பாஞ்சையோ போட்டு, காற்றூட்டியோடு இரண்டு வாரம் சும்மா ஓடவிட்டால் தண்ணீர் முதிரும். பொரிப்பகங்கள் அவித்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஒரு நாள் காத்திருப்புக்கு அது பரவாயில்லை. கூடிப்போனால் தண்ணீர் பாலாகி நாறும். பொரிந்தபின் மிதக்கும் முட்டைச் சவ்வையும் செத்த முட்டையையும் உடனுக்குடன் எடுக்காத தொட்டியில், வாய் திறக்கும் நேரத்துக்குப் பாக்டீரியா ஏற்கெனவே கொப்பளித்திருக்கும். முன்னே சொன்ன பொரிப்பகத்துத் தவறு இதுதான்.

ஏற்காட்டு எஸ்டேட் குட்டைகளுக்கு மட்டும் தனியாக ஒரு சொல். குளிர்ந்த நீரில் மஞ்சள் கரு மெதுவாகத்தான் கரையும், இரை தேடும் வேகமும் குறையும், மிதவை உயிரியும் சீக்கிரம் பெருகாது. மூன்றாம் நாள் கணக்கே மாறிவிடும். நுண்குஞ்சை 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுபோய் விடுவதைவிட, சமவெளியில் இரண்டு மூன்று மாதம் விரல் அளவுக் குஞ்சுகளாக (விரலிகளாக) வளர்த்து ஏற்றினால், குடலும் முதிர்ந்திருக்கும், பாக்டீரியாக் கூட்டமும் நிலைத்திருக்கும். பையை மிதக்கவிடும் நேரத்தை அங்கே இரட்டிப்பாக்குங்கள். காபிப் பழம் தோலுரித்த கழுவுநீர் குட்டையில் கலக்காமல் வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். அதில் உள்ள சர்க்கரை, திப்பி செய்யும் வேலையையே செய்யும்.

அரசு மீன்குஞ்சுப் பண்ணைகளிடமும் தனியார் பொரிப்பகங்களிடமும் இரண்டு கோரிக்கை. ஒவ்வொரு பையிலும் குஞ்சு பொரிந்த தேதியும் நேரமும், கொடுத்த இரை, போட்ட மருந்து, தொட்டித் தண்ணீரின் வெப்பநிலை ஆகியவற்றை ஒரு சீட்டில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். முன்பதிவு செய்யும் விவசாயிக்குப் பிளாங்டன் வலையை முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் இரவல் தர வேண்டும். 50 லிட்டரில் ஒரு மில்லிகூடப் படியவில்லை என்று சொல்பவருக்கு அந்த வாரம் குஞ்சு தராமல் அடுத்த வாரத்துக்குத் தேதி கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மீன்குஞ்சு வளர்ப்போர் சிலர்,
மேச்சேரி, சேலம் மாவட்டம்.